வாயைத் திறந்த மோட்டார்

அந்த ஹைபிரிட் காருக்குள் இரண்டு பேர் வேலை பார்த்தார்கள். ஒருவன் பேட்டரியில் ஓடும் மோட்டார், இன்னொருவன் பெட்ரோல் இன்ஜின். காலையில் காரின் சொந்தக்காரர் இருதயராஜ் பட்டனை அழுத்தியதுமே மோட்டார் சத்தமே இல்லாமல் தயாராகிவிடுவான். அவரோ காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, "ஸ்டார்ட்டே ஆகலியே" என்று மறுபடி அழுத்தி அணைத்துத் தொலைப்பார். மோட்டாருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சிக்னலில் பச்சை விழுந்ததும் வண்டியை அலுங்காமல் பாய வைப்பது மோட்டார்தான். மேம்பாலம் ஏறும்போதுதான் இன்ஜின் விழித்துக்கொண்டு உறுமுவான். உடனே இருதயராஜ் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்து, "இப்பத்தான்யா வண்டி இழுக்குது!" என்பார்.

"அப்போ இவ்வளவு தூரம் இழுத்தது எவனாம்?" என்று ஒருநாள் மோட்டார் கொதித்தான்.

"நீ வாயைத் திறந்தாத்தானேடா அவருக்குத் தெரியும்?" என்று இன்ஜின் சிரித்தான்.

மறுநாள் காலை மோட்டார் இருந்த ரோஷத்தையெல்லாம் திரட்டி, தெருவே திரும்பிப் பார்க்கும்படி 'ங்ஙொய்ய்ய்' என்று கத்தினான்.

இருதயராஜ் பதறிப்போய் மெக்கானிக்குக்குப் போன் போட்டார். "மோட்டார்லேர்ந்து என்னமோ சத்தம் வருதுப்பா. அதைக் கழட்டிப் போட்டுட்டு வெறும் இன்ஜின்லயே ஓட்டிக்கலாமா?"