முனியாண்டிக்கு மூன்று சுற்று

"பிரேக்கே இல்லாத வண்டிய எந்த மடையன்டா செஞ்சான்?" என்று கேட்டாள் வேலாயி.

ரூபன் ரொட்டியைத் தேத்தண்ணியில் முக்கியபடியே சிரித்தான். "பிரேக் இருந்தாதான்மா ஆபத்து. முன்னால போறவன் திடீர்னு அமுக்குவான், பின்னால வர்றவன் அவன் மேல ஏறுவான்."

"அப்ப நீ விழுந்து தோள ஒடச்சிக்கிட்டது?"

"அது வேற கணக்குலா."

இந்த வேற கணக்கை அவள் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஆஸ்திரேலியாவுக்கு ஸ்ட்ராபெரி பறிக்கப் போன பையன். பண்ணைக்குப் பக்கத்தில் ஸ்பீட்வே பந்தயம் நடந்தது. முட்டை வடிவத்தில் ஒரு மண்பாதை, நாலு மோட்டார் சைக்கிள், நாலு சுற்று. ஒரு நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். அங்கே வண்டி கழுவப் போனவன், ஓட்டக் கற்றுக்கொண்டு, இங்கிலாந்தில் ஒரு கிளப்புக்குச் சம்பளத்துக்கு ஓட்டும் அளவுக்கு வந்துவிட்டான். இங்கே தேயிலை எஸ்டேட் வாசலில் அவன் படம் போட்ட பேனர் இன்னும் தொங்குகிறது. ஆள் மட்டும் இடது தோளில் இரும்புத் தகடோடு வீட்டுக்கு வந்திருக்கிறான். எலும்பு ஒட்டியதும் திரும்பப் போய் ஓட்டுவானாம்.

வேலாயி கெஞ்சிப் பார்த்தாள். அழுது பார்த்தாள். பட்டினி கிடந்தும் பார்த்தாள். மத்தியானத்துக்கு மேல் தாங்கவில்லை. இனி சூழ்ச்சிதான் என்று முடிவு செய்தாள்.

அதற்கு அவனே வழி காட்டினான். தோளுக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போது, "எங்க பந்தயத்துல எல்லா வளைவும் இடது பக்கம்தாம்மா. இப்ப வேகமாப் போனா வலது பக்கம் உடம்பு மடங்கவே மாட்டேங்குது" என்று உளறிவைத்தான். அவள் முகத்தில் எதையும் காட்டாமல் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

இதைக் காளியண்ணன் பூசாரியிடம் போய்ச் சொன்னாள். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, திடலுக்கு நடுவில் இருக்கும் முனியாண்டி கோயிலையே கொஞ்ச நேரம் பார்த்தார். "சாமிய இடமா சுத்தக் கூடாதுல்ல" என்றார், யாரிடமோ சொல்வதுபோல. வேலாயிக்கு அது போதும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, லயத்து வீட்டு ஆட்கள் எல்லாரும் கோயிலில் கூடியிருந்த நேரம் பார்த்துச் சவால் விட்டாள். திடலில் மூன்று சுற்று, ஊரில் எல்லாரும் ஓட்டும் சின்ன கப்சாய் மோட்டாரில். ரூபன் ஜெயித்தால் இங்கிலாந்துக்கு அவளே வழியனுப்பி வைப்பாள். தோற்றால் பந்தயத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு இங்கேயே இருக்க வேண்டும்.

"யாரோட ஓட்டணும்?" என்றான் ரூபன்.

"நம்ம பூசாரி அண்ணனோட."

கூட்டம் சிரித்தது. பூசாரிக்கு அறுபது தாண்டிவிட்டது. அவருடைய கப்சாய்க்கு இன்னும் கொஞ்சம் கூட இருக்கும்.

"பாவம்லா மாமா" என்று ரூபன் கொஞ்ச நேரம் பிகு பண்ணினான். பிறகு, தோற்றால் இங்கேயே இருப்பதாக முனியாண்டி மேல் சத்தியம் செய்தான்.

சத்தியம் விழுந்த பிறகுதான் வேலாயி வாயைத் திறந்தாள். "ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். நடுவுல சாமி இருக்காரு. வலமாத்தான் சுத்தணும்."

ரூபன் முகம் செத்துப்போனது. "அம்மா, இது அநியாயம்."

"சாமிகிட்ட சொல்லு."

கோயில் கமிட்டி அவள் பக்கம் நின்றது. முனியாண்டியை இடமாகச் சுற்றவிட்டு வம்பை விலைக்கு வாங்க அவர்களில் ஒருவரும் தயாராக இல்லை.

முதல் வளைவிலேயே ரூபன் பழக்கதோஷத்தில் இடது காலை நீட்டினான். வண்டி வலது பக்கம் வழுக்கிச் சேற்றில் படுத்தது. எழுந்து ஓட்டினான். அடுத்த வளைவில் வண்டி திரும்பவே இல்லை. நேராகப் போய்த் தேயிலைச் செடிக்குள் புகுந்தது. காளியண்ணன் ஹாரன் அடித்தபடி, அர்ச்சனைக்குப் போகிறவர் மாதிரி மூன்று சுற்றையும் முடித்தார். நிறுத்த மறந்து நாலாவது சுற்றும் போனார்.

ரூபனை யாரும் கேலி செய்யவில்லை. முனியாண்டியிடம் எவன் ஜெயிக்க முடியும் என்று அவன் முதுகிலிருந்த சேற்றைத் துடைத்துவிட்டார்கள்.

சாயங்காலம் மகன் மனசு கெட்டுப்போய் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வேலாயிக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. பிரிஞ்சாங் டவுனுக்குப் போய்க் கோழி வாங்கிவந்து குழம்பு வைக்கலாம் என்று அவனைக் கிளப்பினாள். அதே கப்சாயில் பின்னால் ஏறிக்கொண்டாள். கீழே விழாமல் கொண்டுபோய்ச் சேர்த்தால் சரி என்று இருந்தது.

முதலில் இடது வளைவு. அடுத்தது வலது பக்கம், கொண்டை ஊசி. எதிரே காய்கறி லோரி வேறு. வேலாயி கண்ணை மூடிக்கொண்டாள். வண்டி எண்ணெய் வழிவதுபோல வலது பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, வேகம் குறையாமல் மேலே போனது. அடுத்த வலது வளைவை அவன் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே எடுத்தான்.

"டேய்," என்றாள், "வலது பக்கம் மடங்காதுன்னியே?"

அவன் பாட்டை நிறுத்தினான்.

"விழுந்ததுலேருந்து அந்தப் பந்தய வண்டியில ஏறவே பயமா இருக்கும்மா. இனிமே வரலன்னு கிளப்புல போன மாசமே சொல்லிட்டேன். சும்மா விட்டேன்னு சொன்னா, பயந்துட்டான்னு ஊரே சிரிக்கும். முனியாண்டிகிட்ட தோத்தா எவன் சிரிப்பான்?"

அடுத்த வளைவும் வலது பக்கம்தான். அதையும் அலுங்காமல் திரும்பிவிட்டு, கண்ணாடியில் அம்மாவைப் பார்த்துச் சொன்னான்: "கோழி ரெண்டா வாங்கணும்மா. ஒண்ணு பூசாரி மாமாவுக்கு. அவருகிட்ட முன்னாடியே அப்படித்தான் பேசியிருக்கு."