எதிர் பெஞ்சு

சிவராமகிருஷ்ணன் கட்சி மாறிவிட்டார் என்று கொச்சியின் கொச்சங்காடி முழுக்கப் பேச்சு.

மற்றவர்களுக்கு அது வேடிக்கை. வெங்கிட்டுவுக்கு மட்டும் சங்கடம். இத்தனை வருட வாதத்தில் ஜெயித்தது அவர்தானே.

ரம்லத்தின் சாயாக்கடையில் எதிரெதிராக இரண்டு பெஞ்சுகள். ஒன்றில் வெங்கிட்டு, மிளகுக் கிடங்கில் மேனேஜராக இருந்து ஓய்ந்தவர். டெல்லி எது செய்தாலும் அவருக்குச் சரி. எதிர் பெஞ்சில் சிவராமகிருஷ்ணன், கார்ப்பரேஷன் ஊழியர் சங்கத்தில் கொடி பிடித்துப் பிடித்தே ஒரு தோள் இறங்கிப்போனவர். டெல்லி மழையே பெய்ய வைத்தாலும், குடையில்லாதவனை நினைத்தார்களா என்று கேட்பார்.

காலைச் சாயா ஆறுவதற்குள் இருவரும் ஐந்து நாட்டு எல்லையைத் தாண்டி வந்துவிடுவார்கள்.

வளைகுடாவில் சண்டை மூண்ட வாரம் பேச்சில் கூடுதல் சூடு.

"எல்லாருக்கும் நல்ல பிள்ளையா இருக்கப் போய், இப்ப நம்ம பேச்சை ஒருத்தனும் கேக்கலை. நடுக்கடல்ல கப்பல் எரியும். உங்க டெல்லி உக்காந்து கண்டன அறிக்கை எழுதும்" என்றார் சிவராமகிருஷ்ணன்.

"எரியட்டுமே ஓய். ரெண்டு கப்பல் எரிஞ்சாத்தான் உலகத்துக்குப் புத்தி வரும்" என்றார் வெங்கிட்டு.

அன்று அப்பம் கருகி வந்தது. ரம்லத்தின் கையில் அப்பம் கருகி யாரும் பார்த்ததில்லை.

"என்ன ரம்லத், அப்பத்து மேலயும் குண்டு போட்டுட்டாளா?" என்றார் வெங்கிட்டு.

"வேற தரேன் சாமி" என்று தட்டை எடுக்க வந்தாள். முகம் நிமிரவில்லை.

சிவராமகிருஷ்ணன் அவளையே பார்த்தார். பிறகு தன் தட்டிலிருந்த கருகலைத் தின்று முடித்தார்.

மறுநாள் வந்து உட்கார்ந்ததும், கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வதுபோல் உரக்க ஆரம்பித்தார்.

"டெல்லி சும்மா இல்லை வெங்கிட்டு. எல்லாத் தரப்போடயும் பேசிட்டுத்தான் இருக்காங்க. நம்ம கப்பல் மேல எவனும் கை வைக்க மாட்டான்."

வெங்கிட்டு சாயாக் கிளாஸைக் கீழே வைத்தார். "உமக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

அதற்கு மறுநாளும் அதே பாட்டுதான். அதற்கடுத்த நாளும். எதிர்ப்பில்லாத வெற்றி வெங்கிட்டுவுக்கு உப்பில்லாத கப்பைக் கிழங்குபோல இருந்தது. பொறுக்க மாட்டாமல் ஒருநாள் அவரே சீண்டிப் பார்த்தார்.

"அப்படியொண்ணும் டெல்லி பெரிசாக் கிழிச்சுடலை ஓய்."

"வாயை மூடு" என்றார் சிவராமகிருஷ்ணன். "எல்லாம் பாத்துக்குவாங்க."

சங்கச் செயலாளர் பினு ஒருநாள் பைக்கை அணைக்காமலே கடை வாசலில் நின்றான்.

"சேட்டா, பள்ளுருத்தியில ஞாயிற்றுக்கிழமை நடக்கிற யுத்த எதிர்ப்புக் கூட்டத்துல நீங்க பேச வேண்டாம். வேற ஆள் போட்டாச்சு."

மைக் இல்லாத காலத்திலிருந்து அந்த மேடையில் பேசியவர் சிவராமகிருஷ்ணன்.

"சரி."

"ஏன்னு கேக்கலையா?"

"கேட்டு என்ன பண்ண?"

"வயசானா எல்லாரும் வெயில் இருக்கிற பக்கமா நகர்ந்து உக்காந்துக்குவாங்க" என்று சொல்லிவிட்டுப் பினு வண்டியைக் கிளப்பினான்.

சிவராமகிருஷ்ணன் காலிக் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். வெங்கிட்டுவுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

"அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"மாறினவன் என்னத்தைச் சொல்ல?" என்றார் அவர்.

இரண்டு நாள் கழித்துக் காலையில், ரம்லத் மாவுக் கையில் போனோடு உள்ளேயிருந்து ஓடி வந்தாள்.

"சேட்டா, ஷமீர் விளிச்சான். கப்பல் சண்டை நடக்கிற இடத்தைத் தாண்டிடுச்சாம். இனி பயமில்லையாம்."

வெங்கிட்டுவுக்கு அப்போதுதான் உறைத்தது. ரம்லத்தின் மகன் ஷமீர் கப்பல் வேலைக்குப் போனபோது இதே பெஞ்சில் உட்கார்ந்து ரம்லத் கொடுத்த அல்வாவைத் தின்றவர் அவர். 'எரியட்டுமே' என்றவரும் அவர்தான்.

ரம்லத் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ராத்திரியெல்லாம் போன்ல கண்டதையும் பாத்து உயிரே போயிடும் சேட்டா. காலையில நீங்க வந்து சொன்னப்புறம்தான் ஒரு வாய் சாயா இறங்கும்."

"நானும் அதைத்தானே சொன்னேன்" என்றார் வெங்கிட்டு, மெல்ல.

"சாமி எப்பவும் அப்படித்தான் சொல்வீங்க. டெல்லியைத் திட்டாம சாயா குடிக்காத மனுஷர் சேட்டன். அவரே பயமில்லைன்னா, அது உள்ளதாத்தானே இருக்கணும்?"

அவள் சிரித்தபடி உள்ளே போனாள். அப்பச்சட்டியில் மாவு விழுந்து சீறும் சத்தம் கேட்டது.

வெங்கிட்டு எழுந்து எதிர் பெஞ்சில், சிவராமகிருஷ்ணனின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"இன்னிக்கே பினுவைப் பாத்து நடந்ததைச் சொல்லிடறேன் ஓய். ஞாயிற்றுக்கிழமை மேடையில நீர்தான் பேசணும்."

"வேண்டாம். சொன்னா ஊரெல்லாம் தெரியும். ரம்லத்துக்கும் தெரியும், நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்னு."

"அதனால என்ன? அதான் பையன் தாண்டிட்டானே?"

சிவராமகிருஷ்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"திரும்பியும் அதே வழியாத்தானே போகணும்."