அண்ணன் கடை வாசலில்

ஸ்கூட்டர் அன்றைக்கும் அதே இடத்தில் நின்றுவிட்டது. தெருமுனை ஒர்க்‌ஷாப் வாசல்.

“பார்த்தீங்களா, நான் சொன்னேன்ல!” என்றபடி பின்சீட்டிலிருந்து இறங்கினார் எதிர்வீட்டுக்காரர். தினமும் ஓசியில் ஆபீஸ் போகிறவர். அதனாலேயே வண்டியைப் பற்றி உரிமையோடு குறை சொல்வார்.

ஒர்க்‌ஷாப்காரர் வேறு யாருமல்ல, வண்டி ஓட்டி வந்தவனின் சொந்த அண்ணன். தங்கை கல்யாணத்தில் வந்த வாய்ச்சண்டையில் இரண்டு பேருக்கும் பேச்சு நின்று வருஷக்கணக்காகியிருந்தது. சண்டை எதற்கு என்று கேட்டால் இருவருமே திருதிருவென்று விழிப்பார்கள். ரோஷம் மட்டும் அப்படியே இருந்தது.

போன மாதம் வண்டி இங்கே முதல் தடவை நின்றபோது, நடுவில் எதிர்வீட்டுக்காரர்தான் தபால்காரர் வேலை பார்த்தார்.

“கார்புரேட்டர் ஜெட்டுல தூசி அடைச்சிருக்குன்னு சொல்லுங்க சார்.”

“எவ்வளவு நேரமாகும்னு கேளுங்க சார்.”

இத்தனைக்கும் இரண்டு பேரும் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றார்கள். இப்போது அந்தத் தபால்காரருக்கு வேலை போய்விட்டது.

அண்ணன் குந்தி உட்கார்ந்து, சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். அப்புறம் சாவகாசமாகக் கார்புரேட்டரைக் கழற்ற ஆரம்பித்தார்.

“பெட்ரோல் அதிகமா போகுதுடா. பிளக் எப்படிக் கருத்திருக்கு பாரு.”

“நேத்து காத்துதான் அதிகம், பெட்ரோல் பத்தலைன்னு சொன்னியே?”

“அது நேத்து.”

தம்பி ஒரு பழைய டயரை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

“அண்ணிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கு?”

“பரவாயில்லை. நீ எப்போ வீட்டுக்கு வருவேன்னு கேட்டுக்கிட்டே இருக்கா. டீ சொல்லவா?”

எதிர்வீட்டுக்காரர் வாட்ச்சைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

சாயங்காலம் அவர் நேராகத் தம்பி வீட்டுக்கே வந்துவிட்டார்.

“தப்பா நினைக்காதீங்க. நேத்து காத்து ஜாஸ்தி, இன்னிக்குப் பெட்ரோல் ஜாஸ்தி. நாளைக்கு என்ன, இடி மின்னலா? உங்கண்ணன் வேணும்னே ஸ்க்ரூவைத் திருகி விடறார் சார். பழைய கோபத்தை வண்டியில தீர்த்துக்கறார்!”

அவன் அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

“என் ஆபீஸ் பக்கத்துல கெட்டிக்கார மெக்கானிக் ஒருத்தர் இருக்கார். நாளைக்கே வண்டியை விட்டுடுவோம். அப்புறம் ஜென்மத்துக்கும் நீங்க அந்த வாசல்ல நிக்க வேண்டியதில்லை.”

“பார்க்கலாம் சார்” என்றான் அவன்.

சமையலறையில் இதைக் கேட்டுக்கொண்டிருந்த அவன் மனைவி அடுப்பை அணைத்தாள். கடைக்குப் போய் வருவதாகச் சொல்லிவிட்டு ஒர்க்‌ஷாப்புக்கு ஓடினாள்.

“மாமா, உங்க மேல பழி விழுது. வண்டியைப் புது மெக்கானிக்கிட்ட விடப்போறாங்களாம். தப்பு என்னுதுதான்.” புருஷனின் அண்ணன் முன்னால் அவள் தலைகுனிந்து நின்றாள். “காலையில வண்டியைத் துடைக்கிறப்போ நான்தான் சீட்டுக்கு அடியில இருக்கிற பெட்ரோல் டேப்பை மூடி விடறேன்.”

அவர் கையைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“முதல் நாள் பெட்ரோல் வாடை அடிச்சுதுன்னு மூடினேன். அவர்கிட்ட சொல்ல மறந்துட்டேன். கார்புரேட்டர்ல மிச்சம் இருந்ததை வச்சு ஓடி வந்து, சரியா இங்க நின்னுடுச்சு. அன்னிக்குச் சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்த முகத்தைப் பார்க்கணுமே, மாமா! அப்படிச் சிரிச்சு எத்தனை வருஷமாச்சு! அதான் மறுநாளும்…”

“முதல் நாளே தெரியும்மா.”

“தெரியுமா?”

“வண்டி நின்னா மெக்கானிக் முதல்ல தொட்டுப் பார்க்கிறதே அந்த டேப்பைத்தானே?”

“அப்போ தினமும் கார்புரேட்டரைக் கழட்டினது?”

“டேப்பைத் திறந்துவிட்டா உடனே கிளம்பிப் போயிடுவானே! பிரிச்சுப் போட்டாத்தான் கொஞ்ச நேரம் பக்கத்துல இருப்பான்.” அவர் ஸ்பேனரை எடுத்து ஓரமாக வைத்தார். “என்னை என்ன வேணும்னாலும் சொல்லட்டும். ஆனா புது மெக்கானிக் டேப்பைப் பார்த்தா உன் குட்டு உடைஞ்சுடும். உங்களுக்குள்ள சண்டை வேண்டாம். நாளையிலேர்ந்து மூடாதே.”

“அப்புறம் அவர் இங்க நிக்க மாட்டாரே மாமா?”

“இத்தனை நாள் நின்னானே, அதுவே பெரிசு. விலகிப் போயிட்ட தம்பியைத் திருப்பிக் கொண்டாந்து விட்டிருக்கே. உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலைம்மா.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பிவிட்டாள்.

மறுநாள் காலை வண்டியை நன்றாகத் துடைத்தாள். டேப் பக்கம் கையே போகவில்லை. திறந்தது திறந்தபடியே இருந்தது. இன்றைக்கு வண்டி நிற்காமல் போய்விடும் என்று நினைத்தபடி, துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள்.

எதிர்வீட்டுக்காரர் உற்சாகமாக வந்தார். “சார், பேசாம பின்தெரு வழியா போயிடலாமா? வழியில திரும்பவும் அங்க நின்னு தொலைச்சா?”

“நிக்காது சார். நல்லாத் துடைச்சு வச்சிருக்கா, பாருங்க.”

அவர் பையைச் சரிசெய்துகொண்டு பின்னால் ஏறினார். வாசல் கதவைப் பிடித்தபடி அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் கிக்கரில் கால் வைத்தான். என்ன நினைத்தானோ, குனிந்து சீட்டுக்கு அடியில் கையை விட்டான். டேப் திறந்திருந்தது. நிமிர்ந்து மனைவியைப் பார்த்துச் சிரித்தான்.

“இன்னிக்கு மறந்துட்டியா?” என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, டேப்பை அவனே மூடினான்.