வரி முடிந்த பிறகு

தணிகைவேல் யோசிக்கும்போது கட்டைவிரலால் ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கொண்டே இருப்பான். அவன் வேலையை விட்டுப் போனதும் அவன் எழுதிய நிரல் ஜெசிந்தாவிடம் வந்தது. ஒழுங்குபடுத்தும் கருவியை அதன்மேல் ஓடவிட்டாள். கோணலாகத் தள்ளி நின்ற வரிகளை அது நேராக்கியது, காரணமில்லாமல் உடைந்து கிடந்தவற்றை ஒட்டியது. பிறகு வரிகளின் கடைசியில் இருந்த வெற்றிடங்களைச் சிவப்பாகக் காட்டி, நீக்கலாமா என்று கேட்டது. சில வரிகளுக்குப் பின்னால் விரற்கடைச் சிவப்பு, சிலவற்றில் ஒரு சாண். அவன் எங்கெங்கே திணறினான் என்பது அப்படியே தெரிந்தது.

ஒரு வரியில் மட்டும் சிவப்பு திரையைத் தாண்டி ஓடியது. இரண்டு எண்களைக் கூட்டும் வரி. அதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஓரத்தில் அதை எழுதிய தேதி இருந்தது. பெரிய வெள்ளிக்கு முந்தின நாள். அன்றைக்குத்தான் ஜெசிந்தா அவன் நாற்காலியருகே நின்று, “எங்கப்பாகிட்ட வந்து பேசுவியா?” என்று கேட்டாள். அவன் திரும்பவே இல்லை. தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. காத்திருந்து பார்த்துவிட்டு வந்தவள், அதன்பிறகு அவனிடம் பேசவில்லை.

“இன்னுமா முடியல?” என்றார் பின்னால் வந்து நின்ற டீம் லீடர். “வெறும் ஸ்பேஸ்தானேம்மா, எல்லாத்தையும் தூக்கு.”

“ஒரு நிமிஷம் சார்.”

அந்த வரியின் கடைசியில் எதுவும் இருக்காது. இருந்தால் கருவி அதை வெற்றிடம் என்று சொல்லியிருக்காது. அது தெரிந்தும், அம்புக்குறி விசையிலிருந்து விரலை எடுக்காமல் அவள் அந்தச் சிவப்பின் வழியே போய்க்கொண்டே இருந்தாள்.