ஓட்டைப் பையில் வந்த பெடல்

அழகுமுத்து பைக்குள் கையை விட்டார். ஐந்து விரல்களும் அடிப்பக்கத்து ஓட்டை வழியாக வெளியே வந்து, எதிரே நின்ற திலக்ஷனுக்கு டாட்டா காட்டின.

"வலது பெடல் ஒன்னு. வலது சப்பாத்து ஒன்னு. இடது ரெண்டும் எங்கடா?"

"எங்கண்ணே போகும்? உள்ளதான் இருக்கும், நல்லாத் தேடுங்க."

"உள்ளங்கிறதே இல்லடா இந்தப் பைக்கு. எல்லாம் வெளியதான்!"

திலக்ஷன் ஹட்டன் பஸ்ஸில் கண்டக்டர். காலையில் லிந்துலையில் ஒரு பழைய ரேஸ் சைக்கிளையும் இந்தப் பையையும் ஏற்றி, கொட்டகலை பஜாரில் அழகுமுத்துவின் சைக்கிள் கடையில் இறக்கிவிட்டு ஹட்டன் போனான். மத்தியானம் திரும்பும்போது சைக்கிளை எடுத்துக்கொள்ளலாம் என்று வந்தவனுக்குத்தான் இந்த வரவேற்பு.

சைக்கிள் விஜிதரன் வாத்தியாருடையது. துரைமார் காலத்துச் சாமான், வயது அறுபதுக்குக் குறையாது. பெடல்தான் புது மோஸ்தர். காலில் போடும் சப்பாத்தின் அடியில் இருக்கும் கொக்கி பெடலில் 'டக்'கென்று மாட்டிக்கொள்ளும். குதிகாலைத் திருப்பினால்தான் விடும். லண்டனிலிருந்து வரவழைத்த பொருள். ஞாயிற்றுக்கிழமை ரேஸ்.

வாத்தியாரை இரண்டு பேருமே பார்த்ததில்லை. கடைக்காரரோடு பேசியதெல்லாம் போனில். சைக்கிளை பஸ்ஸில் ஏற்றிவிட்டது வாத்தியாரின் மனைவி தனுஜா.

வலதை நொடியில் பூட்டிவிட்டார் அழகுமுத்து. கழற்றிய பழைய வலது பெடல் தேய்ந்து தேய்ந்து பல் போன வாய் மாதிரி இருந்தது. இடது பக்கத்துப் பழைய பெடலோ பெட்டியிலிருந்து அப்போதுதான் பிரித்தது போல மின்னியது.

"முந்தியும் ஒரு இடது பெடலத் தொலைச்சுப் புதுசு போட்டிருக்காரு போல. அந்தப் பக்கமே அவருக்கு ராசியில்ல" என்றார்.

திலக்ஷனுக்குச் சிரிப்பு வரவில்லை. போன மாதம் ஒரு கருவாட்டுப் பெட்டி காணாமல் போனதிலிருந்து பஸ் முதலாளி ஒரே பேச்சாகச் சொல்லியிருந்தார்: இன்னொரு பார்சல் தொலைந்தால் அன்றைக்கே அவன் வேறு வேலை தேடிக்கொள்ள வேண்டியதுதான். அவன் மனைவிக்கு இது ஏழாவது மாதம்.

பஸ்ஸைக் கவிழ்க்காத குறையாகத் தேடினார்கள். சீட்டுகளுக்கு அடியில் பதினேழு குடைகள் கிடைத்தன. அரைச் சீப்பு, ஒரு பல்செட்டு, டிரைவர் இரண்டு வருடத்துக்கு முன் தொலைத்த செருப்பு எல்லாம் கிடைத்தன. பின்சீட்டுக்கு அடியில் ஒரு கோழி, முட்டையிட்டுவிட்டு யாரென்று கேட்பது போலப் பார்த்தது. பெடல் மட்டும் இல்லை.

"ரோட்டுல விழுந்திருக்கும்ணே. லிந்துலையிலேர்ந்து இங்க வரைக்கும் எத்தன வளைவு! எந்தப் பள்ளத்துல போய்த் தேடுவேன்?"

"தேயிலைக்குள்ள விழுந்திருந்தா கொழுந்தோட கொழுந்தாப் பறிச்சு பெக்டரிக்கே அனுப்பியிருப்பாங்க."

"வெளையாடாதீங்கண்ணே. நுவரெலியாவுல இந்த மாதிரி வாங்கலாமா?"

"கொழும்புலயே கெடைக்காது."

"இந்த வலதப் பாத்து அதே மாதிரி ஒன்னு செஞ்சு இடதுல பூட்டிரலாமே?"

"ஏறாதுடா. இடது பக்கத்து மரை எதிர்ச்சுத்து. நீ தலகீழா நின்னாலும் ஏறாது."

அந்த நேரம் பார்த்து அழகுமுத்துவின் போன் அடித்தது. 'விஜிதரன் சேர்' என்று பெயர் மின்னியது. இருவரும் பாம்பைப் பார்ப்பது போல அதைப் பார்த்தார்கள். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. மூன்றாம் முறை அடித்தபோது திலக்ஷன் கண்ணை மூடி, ஒரு பெடலுக்கு ஒரு மொட்டை என்று மாரியம்மனிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தான். வெளியே டிரைவர் ஹோர்னை அமுக்கிப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. பஸ்ஸுக்குள்ளிருந்த சனம் மழையில் நனைந்த காக்கைக் கூட்டமாய்க் கத்தியது.

நான்காம் முறை அழகுமுத்து போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"வணக்கங்க சேர்."

"பெடல் பூட்டியாச்சுங்களா அண்ணே?"

"வலது பக்கம் பூட்டியாச்சுங்க சேர். ஜம்முனு ஏறிருச்சு. ஆனா..."

"அப்பறம் என்ன? வர்ற பஸ்ல ஏத்தி விட்டுருங்க."

திலக்ஷன் போனைப் பிடுங்கினான்.

"சேர், நான் கண்டக்டர் பேசுறேன் சேர். பையில ஓட்ட விழுந்திருச்சு. இடது பெடலும் இடது சப்பாத்தும் வழியில எங்கயோ விழுந்து போச்சு. மொதலாளிகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க சேர். பொஞ்சாதி மாசமா இருக்கா. எப்பாடு பட்டாவது வாங்கிக் குடுத்துர்றேன்." சொல்லிவிட்டு விசும்பினான்.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு. பஸ்ஸிலிருந்த சனம்கூட கத்துவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரிப்பு.

"அழாதப்பா, எதுவும் விழல. ஒரு சோடியைத்தான் நானும் கூட்டாளியுமாச் சேர்ந்து வாங்கினோம். இடது ரெண்டும் கொத்மலை சூசைரட்ணத்துக்கிட்ட இருக்கு. அவரும் ஞாயித்துக்கிழம ரேஸுக்கு வர்றாரு."

"அவரு இடத மட்டும் வச்சுக்கிட்டு என்ன சேர் செய்வாரு?"

"எங்களுக்கு ஆளுக்கு ஒரு காலுதானப்பா!"