நூறு கட்டில்

"மண்டபத்துல நோயாளியக் கொண்டாந்து போட்டா, அடுத்து எவன்த்தா அங்க வந்து தாலி கட்டுவான்?"

நாச்சியப்பன் வாசலிலேயே நிறுத்திப் பேசினார். முகக்கவசம் தாடையில் தொங்கியது.

"நோயாளி இல்லைங்க ஐயா. கத்தார்ல வேலை போயி மாட்டிக்கிட்ட நம்ம மாவட்டத்து ஆளுங்க. வந்ததும் பதினாலு நாள் தனியா இருக்கணும், அவ்வளவுதான்," என்றாள் ஷர்லி.

ஷர்லிக்கு விமானக் கம்பெனியில் வேலை. எந்த விமானம் எங்கே, எத்தனை பேரோடு போகலாம் என்று திட்டம் போடுவாள். ஊரடங்கில் அந்த வேலையை அரிமளத்து வீட்டிலிருந்தே பார்த்தாள். புதுக்கோட்டைக்காரர்களுக்கென்று தோகாவிலிருந்து திருச்சிக்கு ஒரு சிறப்பு விமானம். நூற்றறுபது பேர் வரலாம். ஆனால் மாவட்டத்தில் தனிமைப்படுத்த அறுபது கட்டில்தான் காலி. அதனால் அறுபது பேருக்கே அனுமதி.

"ஒங்க மண்டபத்துல நூறு கட்டில் போடலாமாம். நீங்க கையெழுத்துப் போட்டா ப்ளேன் நெறைஞ்சு வரும்."

"எனக்கு ஊர் நல்லது முக்கியம்த்தா. மத்தவங்க ரெண்டு மாசம் அங்கிட்டே பொறுத்துக்கிறட்டும்."

சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஆமா, எம்மகன் சூர்யநாராயணன் பேரு அந்த அறுபதுல இருக்குல்ல?"

பட்டியல் இன்னும் வெளியாகவில்லை. ஷர்லி போனை எடுத்து, மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்தாள்.

"இல்லைங்க ஐயா. எழுபத்திரண்டாவதா இருக்கு."

நாச்சியப்பன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை மூணு வாரமா ரொட்டியத் தின்னுக்கிட்டு ரூமுக்குள்ளயே கெடக்குறான்த்தா."

"எல்லாரும் அப்படித்தாங்க கெடக்குறாங்க."

"மண்டபத்துல ஒரே ஒரு கட்டில் மட்டும் போட்டா?"

"ஒரு ஆளுக்காக மண்டபத்த எடுக்க மாட்டாங்க ஐயா. நூறுன்னா நூறு."

நாச்சியப்பன் வாசலை விட்டு விலகி வழிவிட்டார்.

"உள்ள வாத்தா. ஏன் வெளியவே நிக்கிறே? காப்பி சாப்பிடுறியா?"

காப்பி ஆறுவதற்குள் கையெழுத்து ஆனது.

அடுத்த வாரம் விமானம் நிறைந்து வந்தது. மண்டப வாசலில் நாச்சியப்பன் படம் போட்ட ஃபிளெக்ஸ் பேனர். பத்திரிகைக்காரரிடம் அவர் கண் கலங்கச் சொன்னார்: "மனுசனுக்கு மனுசன் இதுகூடச் செய்யலைன்னா எப்படிங்க?"

அதை டிவியில் பார்த்துக்கொண்டே, ஷர்லி தன் போனிலிருந்த அந்த அறுபது பேர் பட்டியலை அழித்தாள்.

அதில் பதினொன்றாவது பெயர், சூர்யநாராயணன்.