அதே மாடல், அதே கலர்

ஊரில் உள்ள ஏமாற்றுக்காரர்களைக் கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற மனிதர், அந்தச் சனிக்கிழமை மத்தியானம் தன் படுக்கையறையில் திருட்டுப் பொருளை ஒளிக்க இடம் தேடிக்கொண்டிருந்தார்.

வண்டி இன்சூரன்ஸ் சர்வேயர் அவர். பழைய சொட்டையைப் புது விபத்து என்று காட்டிப் பணம் கேட்பவர்களைப் பதினாறு வருஷமாகப் பிடித்துவருகிறார். அந்தப் பெருமையெல்லாம் ஆபீசோடு சரி. வீட்டில் மரியாதை போய் மூன்று வாரம் ஆகியிருந்தது.

எல்லாம் கம்ப்யூட்டரால் வந்த வினை. சகலை, கேம் விளையாடுகிற கம்ப்யூட்டரைக் கடையிலிருந்து அப்படியே முழுசாக வாங்கி வந்தார். "பார்ட்ஸ் பார்ட்ஸா வாங்கி நானே மாட்டினா பாதிச் செலவுதான்" என்று சர்வேயர் மீசையை முறுக்கினார். செகண்ட் ஹேண்டில் ஒவ்வொன்றாகச் சேர்த்தார். ஓடவும் செய்தது. அதோடு விட்டிருக்கலாம். கேபினட் பழசாகத் தெரிகிறதே என்று புதுக் கேபினட்டும் புது பவர் சப்ளையும் வாங்கினார். இரண்டே இரண்டு வீடியோ பார்த்த தைரியத்தில் எல்லாவற்றையும் கழற்றி மாட்டினார். அன்றோடு திரையில் படம் வருவது நின்றுபோனது.

திரைக்குப் படம் அனுப்புகிற கிராபிக்ஸ் கார்டு செத்துவிட்டது என்று தீர்ப்புச் சொன்னதும் அவரேதான். செகண்ட் ஹேண்ட் பார்ட்ஸ் வாங்கி விற்கிற குரூப்பில், திறந்த கேபினட்டைப் போட்டோ எடுத்துப் போட்டு, "கார்டு போயிடுச்சு, என்ன செய்யலாம்?" என்று கேட்டார். அப்புறம் மானம் போகிறதே என்று அரை மணி நேரத்தில் அதை அழித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சகலை குடும்பத்தோடு வருகிறார். "அதுக்குள்ள படம் வரலைன்னா அந்தப் பொட்டி பழைய இரும்புக் கடைக்குத்தான்" என்று மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள். அந்த நெருக்கடியில்தான் யோசனை பிறந்தது. அதே மாடல், அதே கலர் கார்டு வேண்டும், வீட்டுக்குக் கொண்டுவந்தால் மாட்டிப் பார்த்து வாங்கிக்கொள்கிறேன் என்று குரூப்பில் போட்டார். வருகிற கார்டை ஒளித்துவிட்டு, செத்த கார்டை மாட்டிக் காட்டி, "ஓடலையே" என்று உதட்டைப் பிதுக்கித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியது.

வந்தவர் ஒரு நர்சரி ஸ்கூல் டீச்சர். கார்டைத் துண்டில் சுற்றி, தூங்குகிற குழந்தையைத் தருவதுபோல் இரண்டு கையாலும் கொடுத்தார்.

"என் தம்பியோடது சார். வேலை கிடைச்சு வெளியூர் போயிட்டான். எனக்கு இதைப் பத்தி ஒண்ணும் தெரியாது. நீங்க பாத்துச் சொன்னா சரி."

சர்வேயருக்கு மனசு கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. சகலையின் நமட்டுச் சிரிப்பு ஞாபகம் வந்ததும் அது சரியாகிவிட்டது.

"டீ குடிங்க டீச்சர். மாட்டிட்டுக் கூப்பிடறேன்."

அறைக்குள் காரியம் ஒரே நிமிஷத்தில் முடிந்தது. டீச்சரின் கார்டு தலையணைக்கு அடியில் போனது, சர்வேயரின் செத்த கார்டு கம்ப்யூட்டரில் ஏறியது. கண்ணால் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே என்று ஆபீசில் புதியவர்களுக்குப் பாடம் எடுப்பவர் அவர். டீச்சரின் கார்டை ஒரு தடவை மாட்டிக்கூடப் பார்க்கவில்லை. படம் வருகிற நேரம் பார்த்து டீச்சர் உள்ளே வந்துவிட்டால்? தவிர, அந்த முகத்தை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

டீச்சரைக் கூப்பிட்டு, அவர் கண் முன்னாலேயே பட்டனை அமுக்கினார். திரை கறுப்பாகவே இருந்தது.

"பாத்தீங்களா? உயிரே இல்ல."

டீச்சர் குனிந்து கேபினட்டுக்குள் பார்த்தார். "இது என்ன ஒயர் சார், சும்மா தொங்குது?"

"அதுவா? எக்ஸ்ட்ரா ஒயர். பவர் சப்ளையோட நாலஞ்சு அப்படித்தான் வரும், ஒண்ணுக்கும் ஆகாது" என்றார் சர்வேயர், இரண்டு வீடியோ பார்த்த அனுபவத்தில்.

"எனக்கு இதெல்லாம் எங்க சார் புரியுது." கார்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு டீச்சர் கிளம்பினார். மனைவி வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தாள்.

"பாவங்க அந்த டீச்சர், முகமே வாடிப்போச்சு."

"செத்த கார்டுக்கு நான் என்ன செய்யறது?" என்றார் சர்வேயர், முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு.

பிறகு அறைக் கதவைச் சாத்தினார். தலையணையைத் தூக்கினார். டீச்சரின் கார்டை மாட்டிப் பட்டனை அமுக்கினார். திரை கறுப்பு. கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். அப்போதும் கறுப்பு. மூக்கருகே கொண்டுபோனால் லேசாகக் கருகின வாடை. தலையணை உறையிலும் அதே வாடை.

சாயங்காலம் டீச்சரிடமிருந்து போனுக்கு ஒரு செய்தி வந்தது. "சார், உங்க கார்டு எங்க வீட்டுல ஜம்முன்னு ஓடுது."

'உங்க' என்ற சொல்லைச் சர்வேயர் மூன்று முறை படித்தார். அதற்குள் அடுத்தது வந்தது.

"என் கார்டு கருகி ஒரு வருஷம் ஆச்சு. உங்களுது சாகலைன்னு குரூப்ல நீங்க போட்ட போட்டோவைப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. நீங்க நேர்மையா நடந்திருந்தா, என் கார்டையே திருப்பி வாங்கிட்டுப் பேசாம வந்திருப்பேன்."

போலீசுக்குப் போகலாமா என்று யோசித்தார். புகாரில் என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

"என்னங்க" என்று சமையலறையிலிருந்து மனைவியின் குரல் கேட்டது. "அக்காவும் அத்தானும் நாளைக்குப் பத்து மணிக்கே வர்றாங்களாம். கம்ப்யூட்டர் ரெடியான்னு அத்தான் கேக்கறாரு."

பதில் சொல்ல வாயெடுத்தபோது போன் மறுபடி சிணுங்கியது.

"அடுத்த கார்டு வாங்கினா, மறக்காம அந்த எக்ஸ்ட்ரா ஒயரை அதுல சொருகுங்க சார், கார்டுக்குக் கரண்டு அது வழியாத்தான் வரும்."